பச்சைப் பலகை தேடி

இந்தியாவில் ‘சைனீஸ்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தஞ்சாவூர் பஸ் நிலையத்துக்கு எதிரிலும் சரி, மும்பை தாதர் ரயில் நிலைய வாசலிலும் சரி, அதே தள்ளுவண்டி, அதே இரும்புச் சட்டி, அதே சிவப்பு சாஸ். கோபி மஞ்சூரியனைத் தேடி யாராவது மஞ்சூரியாவுக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அது கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் மும்பையில் கோழியை வைத்துச் செய்து பார்த்த பரிசோதனையின் வாரிசு. காலிஃபிளவர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்யும் ஒரு காயல்பட்டினத்துக்காரருக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது: பட்டினி. குவாங்ஜோ நகரின் பான்யூ பகுதியில் நகைப் பட்டறைகள் ஏராளம். அங்கே கற்களைக் காட்டுவதற்காக மாதம் ஒரு முறையாவது எல்லையைத் தாண்டிப் போவார். பெட்டியில் கற்களோடு அவித்த முட்டை, ரொட்டி, வாழைப்பழம், ஊரிலிருந்து வந்த மாசிச் சம்பல். இரண்டு நாள் வேலை என்றால் இரண்டு நாளும் அதுதான் சாப்பாடு. இருபது வருஷம் இப்படியே ஓடியது.

அவரைக் குறை சொல்ல முடியாது. சீன மொழியில் ‘இறைச்சி’ என்று மொட்டையாகச் சொன்னால் அது பன்றி இறைச்சியைத்தான் குறிக்கும். ஆடு, மாடு என்று வேறு எதுவாக இருந்தாலும் பெயரை முன்னால் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீரை வதக்குவதுகூடப் பன்றிக் கொழுப்பில் என்று இருக்கலாம். மீனின் கவிச்சி போக ஒரு கரண்டி அரிசி மது சேர்ப்பார்கள். தட்டில் இருப்பது என்ன என்று கேட்க மொழி தெரியாத முஸ்லிமும், சுத்த சைவமும் அங்கே ஒரே கட்சி. இருவர் பெட்டியிலும் ஊறுகாய் பாட்டில் இருக்கும்.

2017-ல் மகளின் கல்யாணம் முடிந்த கையோடு அவருடைய மனைவி ஹாங்காங் வந்து சேர்ந்தார். இருவருக்கும் மணமாகி அப்போது இருபத்து நான்கு வருஷம். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வந்து தங்குவார். அவர் சபராளி, அதாவது கடல் கடந்து பிழைப்பவர் என்றால், அந்தத் தங்கலும் வருஷத்தில் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். கூட்டிக் கணக்குப் போட்டால் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது மூன்று வருஷம் தேறுமா என்பதே சந்தேகம். சேர்ந்து ஹோட்டலில் சாப்பிட்ட நாட்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

அடுத்த முறை குவாங்ஜோ கிளம்பியபோது மனைவியும் கூடப் போனார். அப்போது ஹாங்காங்கின் ஹங்ஹோம் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அறைக்கு வந்ததும் கணவர் வழக்கம்போல முட்டைப் பொட்டலத்தைப் பிரித்தார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, கீழே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்.

தெருமுனையில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட பையன் மாவை இழுத்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு மேல் பச்சைப் பலகை. அதில் சீன எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் அரபுச் சொல். காயலில் பெண் பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதே அரபு எழுத்தில்தான் தொடங்கும். தமிழையே அரபு எழுத்தில் எழுதிப் படித்த ஊர் அது. மனைவி அண்ணாந்து பார்த்து வாசித்தார்: ஹலால்.

கணவர் அந்தப் பலகையைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார். எவர் எதை எழுதி மாட்டியிருக்கிறாரோ என்ற சந்தேகத்தில் தாண்டிப் போய்விடுவார். மனைவிக்கு அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வழி தெரிந்திருந்தது. உள்ளே போய் சலாம் சொன்னார். பதில் சலாம் வந்ததும், கல்லாவில் இருந்த பெண்ணிடம் அடுக்களையைக் காட்டும்படி கைஜாடை செய்தார். முக்காடு போட்ட அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழைத்துப் போனாள். மாட்டெலும்பு கொதிக்கும் அண்டா, வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளை முள்ளங்கி, துணியில் கட்டிய மசாலா மூட்டை. மனைவி மூட்டையை முகர்ந்து பார்த்தார். மிளகு, சோம்பு, பட்டை. வெளியே வந்து கணவரைப் பார்த்து, “உட்காருங்க” என்றார்.

வந்தது லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ். கான்சு மாநிலத்தின் தலைநகரான லான்ஜோவில் இதுதான் காலைப் பலகாரம். ஹுய் என்ற சீன முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த மா பாவ்ஸி 1915-ல் தோளில் சுமந்து விற்ற பண்டம் இது என்பது அந்த ஊர் சொல்லும் கதை. இலக்கணமும் உண்டு. சாறு தெளிவாக இருக்க வேண்டும். முள்ளங்கி வெள்ளையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, கொத்தமல்லியும் பூண்டுத் தாளும் பச்சையாக, நூடுல்ஸ் மஞ்சளாக இருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் லான்ஜோக்காரர் முகம் சுளிப்பார்.

மாவு இழுபட ஒரு காரம் சேர்க்கிறார்கள். முன்பெல்லாம் பாலைவனச் செடி ஒன்றை எரித்து எடுத்த சாம்பல் உப்பு. இப்போது ஆலையில் செய்த பொடி. மற்றது கைக்கணக்கு. ஒரு முறை இழுத்து மடித்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஏழாவது மடிப்பில் 128 இழை, எட்டாவதில் 256. மயிரிழை போலவும் கேட்கலாம், பெல்ட் அகலத்திலும் கேட்கலாம். கேட்டதற்கும் கிண்ணம் மேஜைக்கு வருவதற்கும் இடையே ஒரு சில நிமிடம்தான்.

முதல் வாய் சாற்றைக் குடித்ததும் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னார்: “இருபது வருஷமா இந்த வாசலைத் தாண்டிப் போய் முட்டை தின்னிருக்கீங்க.”

இந்த மாதிரிக் கடைகளின் பலகையில் லான்ஜோ என்று இருந்தாலும், சீனாவின் கடலோர நகரங்களில் இவற்றை நடத்துபவர்களில் பெரும்பாலோர் லான்ஜோக்காரர்கள் அல்ல. பக்கத்துச் சிங்ஹாய் மாநிலத்தில் ஹுவாலோங் என்ற வறண்ட, குளிர்ந்த மேட்டு நிலத்து மாவட்டத்திலிருந்து வந்த ஹுய், சலார் முஸ்லிம்கள். விளைச்சல் போதாமல் நூடுல்ஸ் இழுக்கும் கையை நம்பி ஊரை விட்டுக் கிளம்பியவர்கள். அவர்களும் சபராளிகளே. ஒரு வித்தியாசம்: குடும்பத்தோடு வந்து, கணவன் மாவு இழுக்க மனைவி கல்லாவில் உட்காரும் சபராளிகள்.

மறுநாள் இரவு அந்தக் கடைக்காரப் பெண்ணே வழிகாட்டி அனுப்பிய சின்ஜியாங் உணவகம். வாசலில் கரி அடுப்பு. ஆட்டுக்கறிக் கம்பிகள்மேல் மிளகாயும் சீரகமும் தூவிக்கொண்டிருந்தார்கள். குவாங்ஜோவின் சொந்தச் சமையலில் சீரகம் கிடையாது. மேற்கே மத்திய ஆசியாவிலிருந்து வணிகர்களோடு வந்த வாசனை அது. வந்தவர்கள் தங்கிய அடுக்களைகளில் அதுவும் தங்கிவிட்டது. அங்கே கிடைக்கும் ‘போலோ’, பெயரிலும் செய்முறையிலும் புலாவுக்கு உடன்பிறப்பு. ஆட்டுக் கொழுப்பு, கேரட், அரிசி.

அன்று அவர்கள் கேட்டு வாங்கியது ‘தாபான்ஜி’. பெரிய தட்டுக் கோழி என்று பொருள். எலும்போடு வெட்டிய கோழி, உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய், நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகு. பாதி தீர்ந்ததும் மீதிக் குழம்பில் அகலமான நூடுல்ஸைக் கொட்டுவார்கள். பழைய பண்டம் அல்ல. 1980-களுக்குப் பிறகு நெடுஞ்சாலைக் கடைகளில் புகழ் பெற்றது. தட்டோ ஒன்று, அதுவும் தாம்பாளம் அளவு.

காயல்பட்டினத்துக் கல்யாணக் களறியிலும் தனித் தனித் தட்டு கிடையாது. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து நெய்ச்சோற்றைச் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் ஆண்கள் சஹன் வேறு, பெண்கள் சஹன் வேறு. ஆக, இந்தக் கணவனும் மனைவியும் வெளியிடத்தில் முதன் முதலாக ஒரே சஹனில் உட்கார்ந்தது குவாங்ஜோவில்தான்.

பழக்கம் தொற்றிக்கொண்டது. அடுத்த சில மாதங்களில் அவர்கள் வியாபாரமே இல்லாத ஓர் ஊருக்கு விமானம் ஏறினார்கள்: சீஆன். பட்டுப்பாதையின் கிழக்கு முனை. நகர நடுவில் முரசுக் கோபுரத்தை ஒட்டி ஹுய் முஸ்லிம்களின் பேட்டை. அங்கே ‘யாங்ரோ பாவ்மோ’ என்ற ஆட்டுக்கறி ரொட்டிச் சாறு சாப்பிட அவசரக்காரர்கள் போகக் கூடாது. முதலில் வெறும் கிண்ணத்தையும் கட்டியான வட்ட ரொட்டியையும் வைத்துவிட்டுப் பணியாள் போய்விடுவார். சாப்பிட வந்தவரே ரொட்டியைச் சோயா விதை அளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும். பெரிதாகப் பிய்த்தால் சாறு உள்ளே இறங்காது. பிய்த்து முடித்ததும் கிண்ணத்தோடு ஓர் எண் வில்லை அடுக்களைக்குப் போகும். அவரவர் பிய்த்தது அவரவருக்கே திரும்பி வருவதற்கு. மேலே ஆட்டுக்கறி, கண்ணாடி இழைபோன்ற சேமியா, பக்கத்தில் சர்க்கரையில் ஊறிய பூண்டு. கலக்காமல் ஓரத்திலிருந்து சாப்பிட வேண்டும் என்பது அங்குள்ள முறை.

ரொட்டி பிய்க்க அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கையில் வேலை, வாயில் பேச்சு. இருபத்து நான்கு வருஷத்தில் தொலைபேசியில் சொல்லாமல் விட்ட பலதும் அந்த மேஜையில் வந்து விழுந்தன. மூத்தவன் பிறந்தபோது யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள் என்பதே கணவருக்கு அன்றுதான் தெரிந்தது. எதிர் மேஜையில் ஒரு கிழவர், கிழவி. பேசாமல் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாக்கி எதுவும் இல்லை போலிருக்கிறது.

சுவரில் பெரிதாக இரண்டு சீன எழுத்துகள். குவாங்ஜோ பலகையிலும் அவை இருந்தது மனைவிக்கு நினைவு வந்தது. ஆங்கிலம் தெரிந்த ஒரு மாணவி விளக்கினாள். உச்சரிப்பு ‘சிங்ஜென்’. முதல் எழுத்துக்குத் தூய்மை என்று பொருள், இரண்டாவதற்கு உண்மை. சீன முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் மார்க்கத்துக்கும் பள்ளிவாசலுக்கும் உணவுக்கும் சேர்த்து வைத்துக்கொண்ட பெயர் அது. அரபுச் சொல்லை ஒலிபெயர்க்காமல், சீனர் எவருக்கும் புரியும் இரண்டு நல்ல சொற்களில் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். மனைவி பில்லின் பின்பக்கத்தில் அந்த எழுத்துகளை வரைந்து பழகினார். முதல் எழுத்தின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளி. இரண்டாவதன் நடுவில் ஏணி, கீழே இரண்டு கால்.

சாப்பிட்ட பின் பெரிய பள்ளிவாசலுக்குப் போனார்கள். கி.பி. 742-ல் நிறுவப்பட்டது என்பது மரபு. இன்றுள்ள கட்டடங்கள் பெரும்பாலும் மிங் அரச காலத்தவை. குவிமாடம் இல்லை, உயர்ந்த மினாரா இல்லை. வளைந்த ஓட்டுக் கூரை, மர மண்டபங்கள், எண்கோண மாடம். கணவருக்கு வியப்பு, மனைவிக்கு இல்லை. காயலிலும் கீழக்கரையிலும் பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. பாண்டிய நாட்டுக் கல் தச்சர் கட்டினால் பாண்டிய நாட்டுத் தூண்தான் நிற்கும். சீனத் தச்சர் கட்டினால் சீனக் கூரைதான் வளையும். சமையலும் அப்படித்தான். எதை உண்ணலாம் என்பதை மார்க்கம் சொல்லும். எப்படிச் சமைப்பது என்பதை மண் சொல்லும். லான்ஜோவில் நூடுல்ஸ், சீஆனில் ரொட்டிச் சாறு, பெய்ஜிங்கில் நடுவே கரி எரியும் செப்புப் பானையில் முக்கியெடுக்கும் ஆட்டுக்கறி, காயலில் நெய்ச்சோறு.

இந்தத் தொடர்பில் தமிழுக்கும் பழைய பங்கு உண்டு. சீனாவின் தென்கிழக்குத் துறைமுகமான சுவான்ஜோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்களின் நினைவு. அதே ஊரில் அராபிய வணிகர்களின் பள்ளிவாசல் அதற்கும் முந்தியது. அந்தப் பக்கம் காயலிலும் பெரியபட்டினத்திலும் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் சில்லுகள்.

சுவான்ஜோவை ஒட்டிய சென்தாய் என்ற இடத்தில் திங் குலத்தார் வாழ்கிறார்கள். அந்த வணிகர்களின் வழி வந்தவர்கள். காலப்போக்கில் அவர்களில் பெரும்பாலோர் தொழுகையை விட்டார்கள். பன்றி இறைச்சியும் சாப்பிடுகிறார்கள். ஆனால் முன்னோருக்குப் படைக்கும் நாளில் மட்டும் படையலில் பன்றி இறைச்சி வைப்பதில்லை. முன்னோர் சாப்பிட மாட்டார்களாம். எல்லாம் போன பிறகும் ஒரு சமூகம் தன்னைப் பற்றிக் கடைசியாக மறக்காமல் வைத்திருப்பது சாப்பாட்டு விதியைத்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சீனாவில் ஹுய் மக்கள் மட்டும் 1.1 கோடிக்கு மேல். உய்குர்களும் அதே அளவு. முஸ்லிம்களாகக் கருதப்படும் இனங்கள் மொத்தம் பத்து. அண்மைக்கால அரசுக்கு அவர்களது பலகை உறுத்தத் தொடங்கியது. 2018 அக்டோபரில் சின்ஜியாங்கின் தலைநகர் உரும்சியில் ‘எல்லாம் ஹலால்மயமாவதை’ எதிர்த்து அதிகாரிகள் இயக்கம் தொடங்கினார்கள். இஸ்லாத்தைச் சீனமயமாக்கும் ஐந்தாண்டுத் திட்டம் 2019 ஜனவரியில் வந்தது. அந்த ஜூலையில் பெய்ஜிங்கின் ஹலால் உணவகங்கள் தங்கள் பலகையிலிருந்து அரபு எழுத்தையும் இஸ்லாமியச் சின்னங்களையும் எடுக்கும்படி உத்தரவு பெற்றன. பல ஊர்களில் குவிமாடங்கள் இறங்கின. சின்ஜியாங்கில் நடந்தது இதைவிடப் பல மடங்கு கொடியது. அங்கே உய்குர்கள் பெருந்தொகையில் அடைத்துவைக்கப்பட்டது மனித குலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. சீன அரசு அதை மறுக்கிறது.

பெய்ஜிங்கின் வாதம் எளியது: சீனாவில் இருப்பது சீனமாக இருக்க வேண்டும். இந்த வாதத்துக்குப் பதில் சீஆன் மேஜையிலேயே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சீன ரொட்டி, சீனச் சாறு, சீனக் கூரை, சீன மொழியிலேயே பெயர். சீன மொழியை அரபு எழுத்தில் எழுதும் ‘சியாவ்அர்ஜிங்’ என்ற முறையைக்கூட அவர்கள் வளர்த்தார்கள், காயல் அரபுத்தமிழை வளர்த்த மாதிரி. இதற்கு மேல் எதைச் சீனமாக்குவது?

பலகையில் ஓர் அரபுச் சொல் போனால் நூடுல்ஸின் ருசி போய்விடாதுதான். ஆனால் அந்தச் சொல் ருசிக்காக மாட்டப்பட்டதல்ல. மொழி தெரியாத ஊரில் நம்பிக்கையோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வழிப்போக்கருக்குச் சொல்வதற்காக மாட்டப்பட்டது. கடையை நடத்துபவருக்கோ அது, தான் யார் என்று தெருவுக்குச் சொல்லும் உரிமை.

2024-ல் தம்பதி மீண்டும் குவாங்ஜோ போனார்கள். இப்போது மேற்குக் கவுலூனிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பெருந்தொற்று வருஷங்களில் எல்லை மூடியிருந்ததால் அந்தத் தெருவுக்கு வந்து வெகு காலம் ஆகியிருந்தது. கணவர் பச்சைப் பலகையைத் தேடிக்கொண்டே கடையைத் தாண்டிப் போய்விட்டார். பலகை சிவப்பாகியிருந்தது. அரபு எழுத்து இல்லை. கண்ணாடியில் வேறு படம்.

மனைவி பின்னாலேயே நின்றுவிட்டார். பலகையின் ஓரத்தில், உள்ளங்கை அளவில், மூன்று நீர்த்துளி. பக்கத்தில் ஏணியும் இரண்டு காலும். “இதுதாங்க” என்று கூப்பிட்டார்.

உள்ளே அதே பெண். அதே அண்டா. மாவு இழுக்கும் பையனுக்கு இப்போது மீசை. பலகையைப் பற்றி மனைவி கைஜாடையில் கேட்டார். கடைக்காரப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு, உட்காரும்படி நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிண்ணம் வந்தது. தெளிவு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். ஐந்தும் சரியாக இருந்தன.

கணவர் இன்னமும் மாதம் ஒரு முறை பான்யூ போகிறார். பல தடவை தனியாகத்தான். பெட்டியில் கற்கள் மட்டும். சட்டைப் பையில், அடையாள அட்டைக்குப் பின்னால், நாலாக மடித்த ஒரு பழைய பில். அதன் பின்பக்கத்தில் மனைவியின் கையெழுத்தில் இரண்டு எழுத்து.